இரண்டாவது கோல்கீப்பர்

ஒலிம்பிக் ஹாக்கியின் முதல் கோலை அடித்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1908 அக்டோபர் 29 அன்று லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் ஸ்காட்லாந்தும் ஜெர்மனியும் மோதின. ஹாவிக் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஐவன் லேங் அடித்த பந்து உள்ளே போனது. ஆட்டம் 4–0 என்று முடிந்தது. அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 6–1 என்று தோற்ற ஸ்காட்லாந்துக்கு, வேல்ஸுடன் சேர்த்து மூன்றாம் இடம் கிடைத்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1917 நவம்பர் 30 அன்று, பிரான்ஸின் போர்க்களத்தில் லேங் உயிரிழந்தார். ஹாக்கியின் வரலாற்றை யார் எழுதினாலும் அவர் பெயர் ஒரு வரியாவது வந்துவிடுகிறது. முதல் கோல் என்ற ஒன்றே அதற்குப் போதுமாக இருக்கிறது.

அதே அணியில் அலஸ்டேர் டெனிஸ்டன் என்றொருவரும் ஆடினார். அவருடைய வாழ்க்கை வேறு வழியில் போனது. முதல் உலகப் போரில் எதிரியின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவில் சேர்ந்தார். 1919 முதல் அரசின் சங்கேதப் பள்ளிக்குத் தலைவர். 1939 ஜூலையில் வார்சா அருகே உள்ள காட்டுக்குள் போலந்து நிபுணர்கள் ஜெர்மனியின் எனிக்மா சங்கேத இயந்திரத்தின் மர்மத்தை நேச நாடுகளுக்குத் திறந்து காட்டியபோது அங்கே போயிருந்தவர்களில் அவரும் ஒருவர். சங்கேதங்களை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்குக்கு ஆள் திரட்டியவர். 1942இல் அங்கிருந்து நகர்த்தப்பட்டார். போர் முடிந்ததும் ஓய்வு பெற்று ஒரு பள்ளியில் பிரெஞ்சு கற்பித்தார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர்களில் பலருக்குக் கிடைத்த 'சர்' பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1961இல் இறந்தார். செய்த வேலையின் இயல்பே வெளியே தெரியாமல் இருப்பது என்றால், அதைச் செய்தவரை எப்படிக் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான் சித்தூர்ப் பக்கம் வருகிறேன்.

திருப்பதியிலிருந்து மேற்கே பாக்கராபேட்டை மலைப்பாதை வழியாக ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் போனால் தலகோனா அருவி. 270 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவி இருப்பது எர்ராவாரிபாளையம் மண்டலத்தில். காடும் வேர்க்கடலைக் கொல்லையும் மாந்தோப்பும் கலந்த வட்டாரம். இந்த மண்டலத்துக் கிராமம் ஒன்றிலிருந்துதான் எதிமரப்பு ரஜனி இந்தியப் பெண்கள் ஹாக்கி அணிக்குப் போனார். பிறந்தது 1990 ஜூன். அவருடைய இடம் கோல்கீப்பர். இன்னும் சரியாகச் சொன்னால், பெரும்பாலும் இரண்டாவது கோல்கீப்பர். அந்த இரண்டாவது என்ற சொல்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

அவர் பிறந்தபோது அந்த மண்டலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திர அரசு புதிய மாவட்டங்களை அமைத்தபோது திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதனால் பழைய செய்திகளில் ரஜனி சித்தூர்ப் பெண், புதிய வரைபடத்தில் திருப்பதிப் பெண். எல்லை மாறுவது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. சித்தூர் நகரம் ஒருகாலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911இல் தனி மாவட்டம் ஆனது. 1953 வரை சென்னை மாகாணத்தில் இருந்தது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது, சத்தியவேடு போன்ற பகுதிகள் அந்தப் பக்கம் போயின. பழந்தமிழ் நூல்கள் தமிழ் நிலத்தின் வடக்கு எல்லையாகச் சொன்ன வேங்கட மலை இன்று ஆந்திரத்தின் உள்ளே இருக்கிறது. சித்தூர்க் கடைவீதியில் நின்றால் தெலுங்கும் தமிழும் ஒரே வாயிலிருந்து மாறி மாறி வருவதைக் கேட்கலாம். ஆகவே ரஜனியின் கதையை எழுதும்போது அடுத்த மாநிலத்துக்காரரின் கதையை எழுதுகிறேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பக்கத்துக்கும் விளையாட்டு வந்த வழியும் ஒன்றுதான். 1920இல் அமெரிக்கரான ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை அழைத்துப் போனவரும் அவரே. சென்னை மாகாணம் முழுவதற்கும், பிறகு தென்னிந்தியா முழுவதற்கும், அந்தக் கல்லூரி டிரில் மாஸ்டர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. ஊருக்குள் ஒரு விளையாட்டு வேர்விடுவதும் விடாமல் போவதும் பள்ளிக்கு வந்து சேரும் அந்த ஒரு மாஸ்டரைப் பொறுத்தது. கபடி தெரிந்தவர் வந்தால் கபடி, ஹாக்கி தெரிந்தவர் வந்தால் ஹாக்கி. கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மட்டையோடு திரிகிறார்கள், அடுத்த ஊரில் மட்டையைக் கண்ணால் பார்த்தவரே இல்லை என்றால் காரணம் இதுதான். வட்டார மரபு என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு தனி மனிதர் ஒரு பள்ளியில் பத்திருபது வருடம் தங்கியதன் பலன்.

சென்னையின் ஹாக்கி அதற்கும் முந்தியது. இன்று எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை என்று அழைக்கப்படும் போட்டி 1901இல் தொடங்கியது. ஆனால் அந்த நகரம் ஹாக்கிக்குக் கொடுத்தவர்களில் நான் முதலில் சொல்ல விரும்புகிறவர் ரங்கநாதன் பிரான்சிஸ். 1920இல் ரங்கூனில் பிறந்து, சென்னைக்காக ஆடி, 1975இல் மறைந்தவர். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றவர். ஒன்று கிடைத்தாலே ஊர்வலம் விடும் நாட்டில் மூன்று பெற்ற ஒருவரை எத்தனை சென்னைக்காரர்களுக்குத் தெரியும்?

காரணம் அவர் நின்ற இடம். 1948இல் சுதந்திர இந்தியா பிரிட்டனை வெம்ப்ளியில் 4–0 என்று வென்ற இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் லியோ பின்டோ. 1956 இறுதியில் பாகிஸ்தானுக்கு எதிராக நின்றவர் சங்கர் லட்சுமணன். இரண்டு முறையும் பிரான்சிஸ் அடுத்த ஆள். நடுவில் 1952 இறுதியாட்டம் அவருடையது. ஆனால் அந்த ஆட்டத்தில் நெதர்லாந்தை 6–1 என்று வென்றபோது ஐந்து கோல்களைப் பல்பீர் சிங் ஒருவரே அடித்தார். ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஒருவர் அடித்த அதிக கோல்கள் என்ற அந்தச் சாதனை ஆண்கள் ஹாக்கியில் இன்றும் நிற்கிறது. அதே எழுபது நிமிடம் மறுமுனையில் முகக்கவசம் இல்லாமல், கிரிக்கெட் பேடு போன்ற கவசத்தோடு நின்று ஒரே ஒரு கோல் மட்டும் விட்டவர் அந்தச் சாதனையின் நிழலுக்குள் போய்விட்டார்.

தெற்கிலிருந்து இந்திய அணிக்குப் போன கோல்கீப்பர்களை எண்ணினால் வரிசை நீளமாகத்தான் இருக்கிறது. 1968 மெக்சிகோவில் வெண்கலம் வென்ற அணியில் முனீர் சேட் இருந்தார். அவரும் முதல் கோல்கீப்பரான கிறிஸ்டிக்கு அடுத்த இடத்தில். 1972 மியூனிக்கில் கண்ணூரின் மானுவல் பிரெடரிக். பிறகு குடகின் சுப்பையா, பெங்களூரின் ஆஷிஷ் பல்லால், கடைசியில் டோக்கியோவிலும் பாரிஸிலும் வெண்கலம் வாங்கித் தந்த கேரளத்தின் ஸ்ரீஜேஷ். பஞ்சாபும் ஒடிசாவும் ஜார்கண்டும் அணி அணியாக ஆட்டக்காரர்களைக் கொடுக்கும்போது, முழு அணி திரட்ட முடியாத தெற்கு அவ்வப்போது ஒரே ஒருவரைக் கொடுக்கிறது. அந்த ஒருவர் அடிக்கடி கோல்கீப்பராக இருப்பதில் எனக்கு ஒரு தர்க்கம் தெரிகிறது. முன்கள ஆட்டக்காரர் வளர வேண்டுமானால் பந்தைக் கொடுக்கவும் வாங்கவும் நல்ல துணை வேண்டும். கோல்கீப்பருக்கு வேண்டியது தன்மேல் பந்தை அடித்துக்கொண்டே இருக்க ஒருவர். அதற்கு ஒரு மாஸ்டரும் ஒரு சுவரும் போதும்.

ஆனால் பெண்களுக்கு வழி இன்னும் நீளம். ஸ்காட்லாந்துப் பெண்கள் 1900இலேயே தங்களுக்கென ஹாக்கிச் சங்கம் அமைத்துவிட்டார்கள். இருந்தும் ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கி வந்தது 1980 மாஸ்கோவில்தான். லேங் அடித்த முதல் கோலுக்கும் பெண்களின் முதல் ஒலிம்பிக் ஆட்டத்துக்கும் நடுவில் 72 வருடம். மாஸ்கோவில் நான்காவது வந்த இந்தியப் பெண்கள் அதற்குப் பிறகு 36 வருடம் ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. 2015இல் ஆண்ட்வெர்ப்பில் ஜப்பானை 1–0 என்று வென்று ஐந்தாம் இடம் பிடித்தபோதுதான் 2016 ரியோவுக்குக் கதவு திறந்தது.

ரியோவுக்கான பதினாறு பேர் பட்டியலில் ஒரே ஒரு கோல்கீப்பர், அரியானாவின் சவிதா. ரஜனி பட்டியலுக்கு வெளியே காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்.

இங்கே ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும். களத்தில் இறங்குபவர்கள் பதினொருவர், அதில் கோல்கீப்பர் ஒருவர். மற்ற பத்து இடங்களுக்கும் மாற்று ஆட்டக்காரர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே வெளியே போய்வந்துகொண்டே இருப்பார்கள். கோல்கீப்பரை அப்படி மாற்றுவதில்லை. உலகக் கோப்பைக்குப் பதினெட்டுப் பேரை அழைத்துப் போகலாம், அதனால் இரண்டு கோல்கீப்பர்களுக்கு இடமுண்டு. ஒலிம்பிக்கில் பதினாறுதான். அந்தப் பதினாறில் இரண்டாவது கோல்கீப்பருக்கு ஓர் இடத்தைச் செலவிடப் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு மனம் வராது. எனவே அவர் கூடவே பயணம் செய்வார், கூடவே பயிற்சி எடுப்பார், முதலாமவருக்கு அடிபட்டால் மட்டும் பட்டியலுக்குள் வருவார். தன் தோழிக்கு எதுவும் நேரக்கூடாது என்று விரும்பிக்கொண்டே, நேர்ந்தால் அடுத்த நிமிடமே களத்தில் நிற்கும் நிலையில் உடம்பையும் மனதையும் வைத்திருக்க வேண்டும். விளையாட்டில் இதைவிடக் கடினமான வேலை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

கோல்கீப்பரின் வேலை உடலளவில் எப்படிப்பட்டது என்பதற்குச் சில அளவுகள். கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பந்து 156 முதல் 163 கிராம் வரை, கல் போல் கெட்டி. பெனால்டி கார்னரில் வட்டத்தின் விளிம்பிலிருந்து, ஏறக்குறைய பதினான்கு பதினைந்து மீட்டரிலிருந்து, பந்தை மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் வருகிறது. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் என்றால் பந்து கோலை அடைய அரை விநாடி. பார்த்துவிட்டு நகர நேரமில்லை. அடிப்பவரின் தோளையும் மட்டையின் கோணத்தையும் வைத்து முன்பே தீர்மானிக்க வேண்டும். இந்தத் தீர்மானம் ஆயிரக்கணக்கான முறை பந்து வாங்கித்தான் வருகிறது.

தரையும் ஒரு பிரச்சினை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரை வந்ததிலிருந்து சர்வதேச ஹாக்கி மண்ணை விட்டுப் போய்விட்டது. தண்ணீர் தெளித்த டர்ஃபில் கோல்கீப்பர் முழு உடலையும் கிடத்திச் சறுக்கிப் பந்தைத் தடுக்கலாம். செம்மண் மைதானத்தில் அப்படி விழுந்தால் தோல் உரியும். அதனால் மண்ணில் கற்றவர் நின்றபடியே காலால் தடுக்கப் பழகியிருப்பார். பெரிய முகாமுக்குப் போன பிறகு அந்தப் பழக்கத்தை மறந்து புதிதாகக் கற்க வேண்டும். ஆந்திரத்தில் டர்ஃப் இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. 2023இல் தேசிய பெண்கள் போட்டி நடந்த காக்கிநாடா, திருப்பதியிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்கும் மேல். கோல்கீப்பருக்கான பேடு, கிக்கர், மார்க்கவசம், ஹெல்மெட், கையுறை எல்லாம் சேர்ந்தால் ஒரு முன்கள ஆட்டக்காரரின் மட்டைச் செலவு போலப் பல மடங்கு. கிராமத்துப் பள்ளியில் இந்த இடத்தை யாரும் ஆசைப்பட்டுக் கேட்பதில்லை.

ரஜனியின் காலத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்கு முன் நின்ற சவிதா 1990 ஜூலையில் பிறந்தவர். ரஜனியைவிட ஒரு மாதம் இளையவர். மூத்தவர் ஓய்வு பெறட்டும், நம் முறை வரும் என்ற வழக்கமான ஆறுதல் இங்கே கிடையாது. அதோடு சவிதா சாதாரண கோல்கீப்பரும் இல்லை. சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பு அவரை உலகின் சிறந்த பெண் கோல்கீப்பராகத் தொடர்ந்து மூன்று முறை தேர்ந்தெடுத்தது. உலகின் முதலாமவர் உங்கள் அணியிலேயே, உங்கள் வயதிலேயே இருந்தால் நீங்கள் எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் இரண்டாவதுதான். வேறொரு நாட்டில் பிறந்திருந்தால் ரஜனி எத்தனை ஆட்டங்களில் நின்றிருப்பார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

2017 நவம்பர் 5 அன்று ஜப்பானின் ககாமிகஹாராவில் சீனாவை ஷூட்அவுட்டில் 5–4 என்று வென்று இந்தியா ஆசியக் கோப்பையைக் கைப்பற்றியது. அணியில் சவிதாவும் ரஜனியும் இருந்தார்கள். 2018 லண்டன் உலகக் கோப்பையிலும் இருவருமே. காலிறுதியில் அயர்லாந்திடம் ஷூட்அவுட்டில் தோற்றார்கள். ஷூட்அவுட் என்பது 23 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் ஆட்டக்காரர் எட்டு விநாடிக்குள் கோல்கீப்பரைத் தாண்ட வேண்டிய தனிப்போர். அணிகள் இதற்காக முகாமில் நாள்கணக்காகப் பயிற்சி எடுக்கின்றன. அந்தப் பயிற்சியில் அடிப்பவர்களுக்கு எதிரே நிற்பவர் யார்? முதல் கோல்கீப்பரும் இரண்டாமவரும் மாறி மாறி நிற்கிறார்கள். பயிற்சி ஆட்டத்தில் அணியை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கத்தின் கோல் எப்போதும் இரண்டாமவருடையது. ஓர் அணியின் பெனால்டி கார்னர் கூர்மையாக இருக்கிறது என்றால் அதைத் தினமும் தீட்டிக்கொடுத்த கல் அவர். எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் இதற்கு ஒரு கட்டம் இல்லை.

2019 முதல் இந்த இடத்தின் பாரம் இன்னும் கூடியது. அதற்கு முன் கோல்கீப்பருக்கு அடிபட்டால், களத்தில் இருக்கும் வேறொருவர் ஹெல்மெட் மட்டும் போட்டுக்கொண்டு கோல்கீப்பரின் உரிமைகளோடு நிற்கலாம். அந்த வாய்ப்பை விதி எடுத்துவிட்டது. முழுக் கவசத்தோடு ஒரு கோல்கீப்பர் இருக்க வேண்டும், இல்லையென்றால் கோல்கீப்பரே இல்லாமல் ஆட வேண்டும். ஒரே ஒருவரை மட்டும் பட்டியலில் வைத்துக்கொண்டு ஒலிம்பிக்குக்குப் போகும் அணிக்கு, பட்டியலுக்கு வெளியே காத்திருக்கும் இரண்டாமவர் உயிர்க்காப்பு.

டோக்கியோவிலும் அதே நிலை. பெருந்தொற்றுக் காலம் என்பதால் மாற்று ஆட்டக்காரர்களில் சிலரை அணிக்குள் பயன்படுத்தச் சலுகை கிடைத்தது; அது களத்து ஆட்டக்காரர்களான ரீனா கோக்கருக்கும் நமிதா டோப்போவுக்கும் போனது. 2021 ஆகஸ்ட் 2 அன்று காலிறுதியில் குர்ஜித் கவுர் பெனால்டி கார்னரில் அடித்த ஒரே கோலால் இந்தியா ஆஸ்திரேலியாவை வென்றது. சவிதா ஒன்பது முறை தடுத்தார். நாடு முழுவதும் விழித்துப் பார்த்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4–3 என்று தோற்றபோது பலர் அழுதார்கள். அந்த இரண்டு ஆட்டங்களின் ஒளிப்பதிவுகளை இன்று எத்தனை முறை ஓட்டினாலும் ரஜனியைப் பார்க்க முடியாது. ஆனால் குர்ஜித்தின் அந்த அடியைப் பார்க்கும்போதெல்லாம், பெங்களூரு முகாமில் அதே அடிக்கு எதிரே நின்றவர்களை நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதும் அன்றைய ஆந்திர முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டி ரஜனிக்கு 25 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும், திருப்பதியில் 1,000 சதுர கஜம் வீட்டுமனையும், மாதம் 40,000 ரூபாயும் அறிவித்தார். முன்பே தருவதாகச் சொல்லி நிலுவையில் நின்ற தொகையையும் விடுவிக்கச் சொன்னார். களத்தில் ஒரு நிமிடம்கூட இறங்காதவருக்கு எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. கோல் கணக்கை வைத்துப் பரிசு கொடுத்தால் கோல்கீப்பர்களே உருவாக மாட்டார்கள். எனக்குள்ள வருத்தம் வேறு. அறிவித்த தொகை ஒரு தடவை வந்துவிடுகிறது. அடுத்த ரஜனி சறுக்கிப் பழக அந்த வட்டாரத்தில் ஒரு டர்ஃப் வருவதற்கு அதே வேகம் இல்லை. மனையும் பணமும் ஒருவருக்குப் போகின்றன. தரை வந்தால் அது பள்ளி பள்ளியாகப் பெண்பிள்ளைகளுக்குப் போகும்.

2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நியூசிலாந்தை ஷூட்அவுட்டில் வென்று இந்தியப் பெண்கள் வெண்கலம் பெற்றார்கள். பதினாறு ஆண்டுக்குப் பிறகு அந்தப் போட்டியில் கிடைத்த பதக்கம் அது. பட்டியலில் சவிதா, அடுத்து ரஜனி.

பிறகு ஹாக்கி ஃபைவ்ஸ் வந்தது. சின்னக் களம், ஓரங்களில் பலகைத் தடுப்பு, பக்கத்துக்கு ஐந்தே பேர், பத்து நிமிடப் பாதிகள் இரண்டு. பெனால்டி கார்னர் கிடையாது. வட்டத்துக்குள் இருந்துதான் அடிக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. களத்தின் எந்த மூலையிலிருந்தும் கோலைப் பார்த்துப் பந்து பறக்கும். பெரிய ஹாக்கியில் கோல்கீப்பர் பல நிமிடங்கள் தொடர்ந்து பந்தே வராமல் நிற்பதுண்டு. இதில் அந்த இடைவெளி இல்லை. இதன் முதல் பெண்கள் உலகக் கோப்பை 2024 ஜனவரியில் மஸ்கட்டில் நடந்தது. இந்திய அணியின் கேப்டனாக ரஜனியை அறிவித்தார்கள்.

முதல் சுற்றில் போலந்தை 5–4, அமெரிக்காவை 7–3, நமீபியாவை 7–2. காலிறுதியில் நியூசிலாந்தை 11–1. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவை 6–3. ஐந்து ஆட்டங்களில் 36 கோல் அடித்தார்கள், 13 விட்டார்கள். இந்த ஆட்ட வகையில் கோல்கீப்பர் கோல் விடாமல் இருப்பது நடக்காத காரியம். விட்ட பின் அடுத்த பந்துக்குள் மீள்வதே திறமை. ஜனவரி 27 அன்று இறுதியாட்டத்தில் எதிரே நெதர்லாந்து. 7–2 என்று தோற்றார்கள். இந்தியாவுக்கு வெள்ளி.